ஆறாம் அத்தியாயம்: கிடைத்தற்கரிய எஞ்சின் பாகங்கள்

ஸ்கெலட்டனிலோ, மாரிக்குப்பத்திலோ, சாம்பியன் ரீஃபிலோ, கோலார் தங்கவயலின் வேறெந்தக் குடியிருப்பிலோ, ஒரு தகரக் கொட்டகையின் நிழலில் பல வருஷங்களாக அசையாமல் நிற்கும் மாரிஸையோ, ஆஸ்டினையோ, அம்பாசடரையோ தம் கையாலேயே உயிர்ப்பித்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை கொண்டவருக்காக இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. பெயின்டும், மெத்தையும், குரோமியப் பூச்சும் பணம் இருந்தால் எந்த ஊரிலும் அமைந்துவிடும். எஞ்சினுக்குள் இருப்பவற்றின் கதை வேறு. ஆகையால் வண்டியின் வெளியழகில் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்னர், எஞ்சினுக்கு என்னென்ன வேண்டும், அவற்றுள் எவை கிடைக்கும், எவை கிடைக்கமாட்டா என்பதைத் தீர்மானித்துக்கொள்வதே விவேகம்.

அருமையும் விலையும் ஏறிய காரணம்

பம்பாயில் 1928 முதல் கார்களைக் கோத்துவந்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கேயே உற்பத்தி செய்யாதவர்களுக்கு இனி இடமில்லை என்று சர்க்கார் கொள்கை வகுத்தபின், 1954-இல் அந்தத் தொழிற்சாலையை மூடியது. அமெரிக்கக் கார்களின் பாகங்கள் அன்று தொடங்கியே அருகிவந்தன. சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உற்பத்தியான தொழிற்சாலையும், பம்பாயில் பிரீமியர் பத்மினி உற்பத்தியான தொழிற்சாலையும் ஓய்ந்தன. வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசடரின் உற்பத்தி 2014-இல் நின்றது. ஒரு கார் நின்றுபோன பிறகும் சில வருஷங்கள் வியாபாரிகளின் அலமாரிகளில் சரக்கு இருக்கும். அதன்பின் அந்தச் சரக்கு, கடை இடத்தின் வாடகைக்கு ஈடு கொடுக்காமல், எடை போட்டுக் காயலான் கடைக்குப் போய்ச் சேரும். பெட்ரோல் விலை ஏறிய 1970-களில், நல்ல நிலையிலிருந்த பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டவர்களும் பலர். அவர்களின் வாரிசுகளே இன்று அசல் எஞ்சினைத் தேடி அலைகிறார்கள்.

விலை ஏற்றத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவாகி 50 வருஷங்களுக்கு மேலாகியும், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்யப்படாமல் அசல் உருவில் பராமரிக்கப்படும் வண்டியே 'விண்டேஜ்' என்று பதிவு செய்யத்தக்கது. புதிய பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய். அவ்விதம் பதிவான வண்டியை நித்திய உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்த்தல், எண்ணெய் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலையில் இறக்கலாம். ஆகவே அசல் எண் பொறித்த பிளாக்கை இழந்தவர் ஓர் இரும்புத் துண்டை மட்டுமல்ல, வண்டியின் அந்தஸ்தையே இழந்தவராகிறார்.

எதையும் எறியாதிருத்தல்

இந்த நூலில் நான் சொல்லும் யோசனைகளுள் ஒன்றையே கைக்கொள்ள முடியும் என்றால், இதைக் கைக்கொள்ளுங்கள்: கழற்றிய பாகம் எவ்வளவு தேய்ந்திருந்தாலும், விரிசல் விட்டிருந்தாலும், புதியது பொருந்தி ஆயிரம் கிலோமீட்டர் ஓடித் தீரும் வரை அதைக் கொட்டகையை விட்டு வெளியே போகவிடாதீர்கள். அளவு எடுப்பதற்கும், அச்சு செய்வதற்கும், கடைக்காரரிடம் காட்டுவதற்கும் அதைவிடச் சிறந்த சாட்சியம் வேறில்லை. பழைய பாகத்தைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வருவது, அநேகர் செய்யும் முதல் தவறும் மிகப் பெரிய தவறும் ஆகும்.

முதற்படி: எஞ்சின் இன்னதென்று அறிதல்

பானெட்டின் மேலுள்ள பெயரை நம்ப வேண்டாம். அம்பாசடர் என்ற ஒரே பெயரின்கீழ், ஆரம்பத்தில் 1476 சி.சி. பக்கவால்வு எஞ்சினும், பின்னர் நெடுங்காலம் 1489 சி.சி. மேல்வால்வு எஞ்சினும், கடைசிக் காலத்தில் இசுசு வகை 1817 சி.சி. எஞ்சினும் வந்தன, ஒன்றின் பிஸ்டன் மற்றொன்றுக்கு உதவாது.

1. எஞ்சின் எண்ணைக் கண்டுபிடித்து, கம்பித் தூரிகையால் அல்லாமல் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, பதிவுப் புத்தகத்திலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் வேறுபட்டால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு, முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.
2. பிளாக், சிலிண்டர் ஹெட் இரண்டின் பக்கங்களிலும் வார்ப்பிலேயே எழும்பி நிற்கும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் கடைக்காரருக்கும், வெளிநாட்டு விற்பனையாளருக்கும் இந்த எண்ணே மொழி.
3. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ இவற்றின் மேலுள்ள தகட்டு எண்களையும் எழுதுங்கள்.
4. ஒரு குழாயையும் கழற்றும் முன்பே நாற்புறமும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவுகள் சிலவற்றை நினைவில் வைத்திருப்பது நலம். அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினுக்குச் சிலிண்டரின் விட்டம் 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 88.9, பத்மினியின் 1089 சி.சி. எஞ்சினுக்கு 68, 75. ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினுக்கு 63, 76. பழைய மாரிஸ் மைனரின் 918 சி.சி. பக்கவால்வு எஞ்சினுக்கு 57, 90.

இரண்டாம் படி: ஜாமான எஞ்சினை இளக்குதல்

நெடுநாள் நின்ற எஞ்சினைப் பாட்டரி வைத்துச் சுழற்றிப் பார்ப்பதும், வேறொரு வண்டியால் கட்டியிழுப்பதும், மீண்டும் கிடைக்காத பாகங்களை ஒரே நிமிஷத்தில் முறித்துவிடும் செயல்கள். துருப்பிடித்த ரிங் சுவரில் ஒட்டியிருக்கையில் கிராங்க்கைத் திருகினால் ஒடிவது பிஸ்டனே.

1. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் சமமாகக் கலந்ததைச் சிறிதளவு ஊற்றுங்கள்.
2. ஒரு வாரம் காத்திருங்கள். எண்ணெய் இறங்கிவிட்டால் மேலும் ஊற்றுங்கள். இரண்டு வாரம் ஆனாலும் நஷ்டமில்லை.
3. வண்டியை டாப் கியரில் போட்டு, ஓர் ஆள் முன்னும் ஓர் ஆள் பின்னுமாக நின்று மெல்ல ஆட்டுங்கள். ஓர் அங்குலம் அசைந்தால் போதும். அசைந்த திசையிலேயே வற்புறுத்தாமல் முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள்.
4. இளகியபின் நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு, ஸ்டார்டிங் ஹாண்டிலால் சுற்றிப் பாருங்கள்.

*ஜாக்கிரதை:* ஹாண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களின் பக்கமே இருக்கட்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால், சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறிவது நிச்சயம்.

எவ்வளவு முயன்றும் அசையவில்லையேல், ஹெட்டைக் கழற்றி மேலிருந்து பார்ப்பதே வழி.

மூன்றாம் படி: கழற்றுதல்

தங்கவயலுக்கே உரிய ஓர் இடையூற்றை இங்கே சொல்ல வேண்டும். ஆலைகளில் அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டப்பட்ட கழிவுமண், குன்றுகளாகவே ஊரைச் சூழ்ந்து நிற்பதையும், கோடையில் காற்று எழும்போது 'சயனைடு மேடு' எனப்படும் அந்தக் குன்றுகளின் மாவுபோன்ற தூசி வீடுகளுக்குள் புகுவதையும் இவ்வூரார் அறிவார்கள். அரைபட்ட பாறையின் பொடி ஆதலால், பேரிங்குக்கும் ரிங்குக்கும் அதைவிடக் கொடிய சத்துரு இல்லை. திறந்த எஞ்சினை ஓர் இரவுகூட மூடாமல் விடாதீர்கள்; காற்றடிக்கும் மாதங்களில் பூட்டும் வேலையைக் கொட்டகையில் செய்யாமல், கதவடைத்த அறையில், தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் செய்யுங்கள்.

1. பாட்டரி இணைப்பை நீக்குங்கள். பெட்ரோலை வெளியிடத்தில் வடித்து, மூடியுள்ள தகரத்தில் சேமியுங்கள்.
2. எஞ்சினைத் தூக்கச் செயின் பிளாக்கைப் பயன்படுத்துங்கள். கொட்டகையின் பழைய மரச்சட்டத்தில் அதை மாட்டாதீர்கள், தனி இரும்பு முக்காலி வேண்டும். தொங்கும் எஞ்சினின்கீழ் கையையும் காலையும் நீட்டாதீர்கள்.
3. ஹெட்டின் நட்டுகளை, நடுவிலிருந்து வெளிப்புறமாக அல்ல, வெளிப்புறத்திலிருந்து நடுநோக்கி, சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பூட்டும்போது நடுவில் தொடங்குங்கள்.
4. வால்வு, புஷ் ராடு, டேப்பட் ஆகியவற்றை இருந்த வரிசைப்படி, துளையிட்ட அட்டையில் செருகி வையுங்கள்.
5. கனெக்டிங் ராடும் அதன் மூடியும் பிறவியிலேயே ஜோடி. கழற்றும் முன்பே இரண்டிலும் சிலிண்டர் எண்ணைக் குறியுங்கள். மாறிப்போனால் புதிய பேரிங் போட்டும் பயனில்லை.

பழைய ஹெட் கேஸ்கெட்டுகளில் செம்புத் தகட்டின் நடுவே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், காற்றடித்து ஊதாதீர்கள். நீரால் நனைத்து, முகமூடி அணிந்து எடுத்து, பையில் கட்டி வையுங்கள். கழுவ மண்ணெண்ணெய் போதும். பெட்ரோலில் கழுவுகிற வழக்கம் எத்தனையோ பட்டறைகளைக் கொளுத்தியிருக்கிறது. காஸ்டிக் சோடாத் தொட்டியில் இரும்பு சுத்தமாகும், ஆனால் அலுமினியப் பிஸ்டனும் கார்புரேட்டரும் அதில் அரிக்கப்பட்டு, எளிதில் தீப்பற்றும் வாயுவும் கிளம்பும்.

நான்காம் படி: அளத்தல்

சிலிண்டரின் உட்புறத்தை மேல், நடு, கீழ் ஆகிய மூன்று மட்டங்களிலும், வண்டியின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலுமாக அளந்து எழுதுங்கள். மிகப் பெரிய அளவுக்கும் மிகச் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசம், அங்குலத்தில் ஆயிரத்தில் 6 பங்கைத் தாண்டினால் போரிங் செய்ய வேண்டும் என்பது பொது வழக்கு. ஓவர்சைஸ் பிஸ்டன்கள் ஆயிரத்தில் 10, 20, 30, 40 என்ற வரிசையில் வருவன. கிராங்க்கைக் கிரைண்டிங் செய்யும்போது பேரிங்குகள் இதே வரிசையில் அண்டர்சைஸாக வரும்.

அநேகர் இங்கே ஒரு பிழை செய்வர்: சிலிண்டரை 30-க்குப் போரிங் செய்துவிட்டு, 30 சைஸ் பிஸ்டனைத் தேடிப் புறப்படுவார்கள், கடைத்தெருவில் 20 மட்டுமே இருக்கும், அல்லது 40 மட்டுமே. முதலில் பிஸ்டன் கைக்கு வரட்டும். அதை அளந்து, அதற்கேற்பவே போரிங் செய்யச் சொல்லுங்கள். 40-ஐயும் தாண்டித் தேய்ந்த பிளாக்கையும் கைவிட வேண்டியதில்லை. ஸ்லீவ் இறக்கி, மறுபடியும் ஆதி அளவுக்கே கொண்டுவரலாம்.

மரைகள் பற்றிய எச்சரிக்கை

மாரிஸ் கம்பெனியார் 1923-இல் கவென்ட்ரி நகரிலிருந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் எஞ்சின் தொழிற்சாலையை வாங்கினார்கள். இயந்திரங்கள் பிரெஞ்சு அளவில் மரை வெட்டுவன. ஸ்பானர்களோ ஆங்கில அளவின. ஆகையால் மரை மெட்ரிக், தலை விட்வர்த் என்ற விசித்திரமான போல்ட்டுகள் அக்காலத்து மாரிஸ், எம்.ஜி. எஞ்சின்களில் நிலைபெற்றன. ஸ்பானர் ஒழுங்காகப் பொருந்துகிறதே என்று நம்பி, ஆங்கில மரை போல்ட்டை முறுக்கி ஏற்றினால் பிளாக்கின் மரை அழியும். புதிய போல்ட் கையால் நாலைந்து சுற்று தானாக இறங்காவிட்டால் ஸ்பானரைத் தொடாதீர்கள். மரை கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தேடும் வரிசை

தேடலை வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். தூரம் செல்லச் செல்லச் செலவும் ஏமாற்றமும் கூடும்.

*ஊருக்குள்.* ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைப் பழைய மெக்கானிக்குகளிடம் முதலில் விசாரியுங்கள். பாகத்தைக் காட்டிலும் அரியது அதைச் சீர்செய்யும் கை. சுரங்கத்தின் பட்டறைகளில் பயின்ற டர்னரும் ஃபிட்டரும், 1964-இல் நிறுவப்பட்டு இங்கே இயங்கிவரும் பெமல் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்றவர்களும் இன்னும் இவ்வூரில் இருக்கிறார்கள். சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டதால் அந்தப் பள்ளியில் பயின்ற கடைசித் தலைமுறையே இது. மைக்ரோமீட்டரைப் பிடித்த பிடியிலேயே அவர்களுடைய பயிற்சி தெரிந்துவிடும். மரியாதையோடு அணுகி, அவசரப்படுத்தாமல் வேலை கொடுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மூடிக்கிடக்கும் சுரங்க வளாகத்துக்குள் பழைய இயந்திரச் சாமான் கிடைக்கும் என்று எவரேனும் அழைத்தால் போகாதீர்கள். அது களவு, அதோடு, அங்கே அத்துமீறி நுழைந்தவர்கள் உயிர் துறந்ததும் உண்டு. அவ்விடத்து இரும்பை விற்க வருகிறவரிடமும் வாங்காதீர்கள்.

*பெங்களூர்.* மாரிக்குப்பத்திலிருந்தோ பங்காருப்பேட்டையிலிருந்தோ ரயிலேறிக் காலையில் போய் மாலையில் திரும்பலாம். புதுச் சரக்குக்கு ஜே.சி. ரோடு; கழற்றிய சாமானுக்குச் சிவாஜிநகர்.

*சென்னை.* ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும், புதுப்பேட்டையிலும் தேடுங்கள். செம்பியத்தில் 1949-இல் தோன்றிய இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் 1961-இல் தோன்றிய லூகாஸ்-டி.வி.எஸ்., அதே வருஷம் தொடங்கிய பைமெட்டல் பேரிங்ஸ் ஆகியவற்றின் மங்கிய பழைய பெட்டிகள் சில கடைகளின் மேல்தட்டில் இன்னும் கிடக்கின்றன. "அந்த மாடலா? அதெல்லாம் இல்லையே, சார்" என்ற பதிலோடு திரும்பிவிடாமல், எண்ணை எழுதிக் காட்டி, மேல்தட்டைப் பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள், கடைக்காரருக்கே தம்மிடம் இருப்பது முழுதும் தெரிவதில்லை.

*வெளிநாடு.* பிரிட்டனில் ஆஸ்டின், மாரிஸ் கார்களுக்கென்றே சங்கங்களும், புதிதாகப் பாகம் செய்கிற சிறு நிறுவனங்களும் உண்டு. மாரிஸ் மைனர் பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலமும் உண்டு. வரவழைக்கும் முன் சுங்கவரியையும் தபால் செலவையும் கூட்டிப் பாருங்கள். கனமான பாகத்துக்கு அவை விலையையே மிஞ்சக்கூடும்.

*யோசனை:* தனித்தனியாகப் பல பாகங்களை வாங்குவதைவிட, அதே வகைப் பழைய எஞ்சின் ஒன்றை முழுதாக, எவ்வளவு பழுதாயிருந்தாலும், வாங்கிவிடுவதே மலிவு என்பது என் அபிப்பிராயம். மரையாணி முதல் மனிஃபோல்டு வரை வேறெங்கும் கிடைக்காத சில்லறைகள் அதிலிருந்தே வரும். அதை விற்பவரின் பெயரும், வண்டியின் எண்ணும், தேதியும் எழுதிய ரசீதைப் பெறாமல் மட்டும் வாங்க வேண்டாம்.

ஆறாம் படி: பணம் கொடுக்கும் முன் சோதித்தல்

1. கிராங்க்கைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நன்று. மந்தமாக ஒலித்தால் விரிசலுக்கு இடமுண்டு.
2. சந்தேகம் இருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சுண்ணாம்புக் கட்டியைப் பூசுங்கள். விரிசல் இருக்குமிடத்தில் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். எஞ்சினில் பூட்டும் முன் காந்தச் சோதனையும் செய்வித்துக்கொள்ளுங்கள்.
3. ஹெட்டின் மேல் நேர்கோல் வைத்து, ஃபீலர் கேஜால் வளைவைப் பாருங்கள். வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசலைத் தேடுங்கள்.
4. பிஸ்டனின் ரிங் பள்ளங்களில் புதிய ரிங்கைச் செருகி, எவ்வளவு ஆடுகிறதென்று பாருங்கள்.
5. பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். பழைய பெட்டியில் போலிப் பாகத்தை வைத்து விற்பதுண்டு. உள்ளிருப்பதை அளந்தபின் விலை பேசுங்கள்.

எவ்வளவு பிரசித்தமான கம்பெனியுடையதாயினும், முப்பது வருஷம் அலமாரியில் கிடந்த ரப்பர் சாமானை வாங்காதீர்கள். பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், எண்ணெய் சீல், குழாய் ஆகியவை கிடந்த இடத்திலேயே இறுகிப்போயிருக்கும்; இப்போது விற்கும் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் பழைய ரப்பரை விரைவில் கெடுக்கும். எத்தனாலைத் தாங்கும் புதிய ரப்பரில் வெட்டிக்கொள்ளுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-இல் நின்றுவிட்டபடியால், ஹெட் வேலை நடக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடின உலோகச் சீட் இறக்கச் சொல்வதும் நலம்.

ஏழாம் படி: கிடைக்காததைச் செய்துகொள்ளுதல்

1930-களின் எஞ்சின்கள் பலவற்றில் பேரிங் என்பது தனிப் பாகமன்று. வெள்ளை உலோகத்தை உருக்கி ராடிலேயே ஊற்றிக் கடைந்திருப்பார்கள். அவ்விதம் ஊற்றத் தெரிந்தவர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவரைக் கண்டுபிடிக்கும் வரை பழைய உலோகத்தை உருக்கி எடுத்துவிடாதீர்கள். உருகிய உலோகத்தில் ஒரு துளி நீர் பட்டாலும் அது தெறிக்கும் என்பதால், ஊற்றும் வேலையை நீங்களே முயல வேண்டாம்.

தண்ணீர்ப் பம்பின் உறை, மனிஃபோல்டு போன்றவற்றை வார்க்கக் கோயம்புத்தூரின் பம்ப் செட் தொழிலைச் சுற்றி வளர்ந்த வார்ப்புப் பட்டறைகளை நாடலாம். பழைய பாகத்தையே அச்சாக மணலில் பதித்தால் வரும் வார்ப்பு சிறுத்துவிடும்: வார்ப்பிரும்பு குளிரும்போது அடிக்கு எட்டில் ஓர் அங்குலமும், அலுமினியம் அதைவிடச் சற்று அதிகமாகவும் சுருங்கும். ஆதலால் அந்த அளவுக்குப் பெருக்கி, கடைசலுக்கும் இடம் விட்டு, மரத்தில் தனி அச்சு செய்யச் சொல்லுங்கள். அச்சுக்குக் கூலி கொடுத்தவர் நீங்கள். அதை வாங்கி வந்துவிடுங்கள். ஒன்றுக்குப் பதில் மூன்றாக வார்த்துக்கொண்டால், மற்ற இரண்டும் வேறொருவரிடமிருந்து உங்களுக்கு வேண்டியதைப் பண்டமாற்றாகப் பெறுவதற்கு உதவும்.

எட்டாம் படி: சேமித்தல்

கிராங்க்கையும் கேம் ஷாஃப்டையும் படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தி நிறுத்தி, விழாதபடி கட்டிவையுங்கள். கடைந்த பரப்புகளில் கிரீஸ் தடவி, மெழுகுத்தாள் சுற்றி, செய்தித்தாள் படாமல் வையுங்கள். செய்தித்தாள் ஈரத்தை உறிஞ்சித் துருவை வளர்க்கும். பேரிங் ஜோடிகளைத் தனித்தனி டப்பாக்களில் இடுங்கள். மழைக்காலம் கழிந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி எண்ணெய் பூசுங்கள். ஒவ்வொன்றோடும், இன்ன வண்டி, இன்ன அளவு, எங்கே வாங்கியது என்ற விவரத்தைக் கட்டிவையுங்கள். பேனா மை எண்ணெயில் கலைந்துவிடுமாகையால், தகரத் துண்டில் ஆணியால் கீறி எழுதுவதே நிலைக்கும்.